நாலு நாள் ஸ்டேஜ் ரேஸ், நான் ட்ரெயிலுக்கு புதுசு. எப்படி தயாராகறது?

மெதுவாவருவேன்

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா சும்மா படிச்சுட்டு மட்டும் இருந்தேன், எழுதறது இப்பதான். ரோட்டுல ஹாஃப் மாரத்தான் வரைக்கும் ஓடிருக்கேன், ஃபுல் ஓடினது இல்ல. ட்ரெயில் (மலை, காட்டு பாதைல ஓடறது) பக்கம் வந்து ஒரு வருஷம் கூட ஆகல, அதிகபட்ச தூரம் 25 கிலோமீட்டர், அதுலயும் ரிசல்ட் லிஸ்ட கீழ இருந்து பாத்தா என் பேரு சீக்கிரம் வந்துரும். இந்த லட்சணத்துல ஒரு ஃப்ரெண்டு பேச்ச கேட்டு நாலு நாள் ஸ்டேஜ் ரேஸுக்கு பேர் குடுத்தாச்சு. முதல் நாள் 22, ரெண்டாவது நாள் 35, மூணாவது 28, கடைசி நாள் 18, மொத்தம் 103 கிலோமீட்டர். ஏத்தம் எல்லாம் சேத்து 5000 மீட்டர் கிட்ட வருது, அதுல 1800 ரெண்டாவது நாள்லயே. ராத்திரி கேம்ப்ல டென்ட், பெரிய பேக அவங்களே அடுத்த கேம்புக்கு கொண்டு போயிடுவாங்க, ஓடும்போது தண்ணி, எனர்ஜி ஜெல், மேண்டேட்டரி கியர் (கட்டாயம் வச்சிருக்க வேண்டிய சாமான்) மட்டும்தான் முதுகுல.

இன்னும் அஞ்சு மாசம் இருக்கு. இப்ப வாரத்துக்கு நாலு நாள் ஓடறேன், 35-40 கிலோமீட்டர் வரும். எனக்கு புரியாதது என்னன்னா 22 கிலோமீட்டர் ஓடி முடிச்சா மறுநாள் நான் படிக்கட்டு இறங்கவே கைப்பிடிய புடிச்சுட்டுதான் இறங்குவேன், அப்படி இருக்கும்போது மறுநாள் காலைல 35 எப்படி போறது? பயிற்சில 35 ஒரேயடியா ஓடி பாக்கணுமா? 35க்கு கட் ஆஃப், அதாவது முடிக்க வேண்டிய நேரம், 11 மணி நேரம், அது எனக்கு போதுமா? கால் கொப்புளம், சாயங்காலம் கேம்ப்ல என்ன பண்ணணும், எது தெரிஞ்சாலும் சொல்லுங்க. ஜெயிக்கணும்னு எல்லாம் ஆசை இல்ல, நாலு நாளும் ஸ்டார்ட் லைன்ல நிக்கணும், அவ்வளவுதான்.

---

நேர்கோடு

டைரக்டா சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. ஃபுல் மாரத்தானே ஓடாம ஸ்டேஜ் ரேஸ் ஏன்? முதல்ல ஒரு 50 கிலோமீட்டர் ட்ரெயில் ரேஸ் முடிங்க, அடுத்த வருஷம் இதுக்கு போங்க. அஞ்சு மாசத்துல இது ரிஸ்க்.

---

ஏத்தம்இறக்கம்

நேர்கோடு சொல்றதுல எனக்கு உடன்பாடு இல்ல. 50 ஓடறதும் நாலு நாள் ஓடறதும் வேற வேற வேலை. 50ல ஃபினிஷ் லைன தாண்டினதும் கால் என்ன ஆனாலும் பரவால்ல, ஒரு வாரம் படுத்துக்கலாம். ஸ்டேஜ் ரேஸ்ல ஃபினிஷ் லைன தாண்டின நிமிஷத்துல இருந்து மறுநாள் ஸ்டார்ட்டுக்கு கவுன்ட் டவுன் ஓடுது. யுடிஎம்பி மாதிரி 170 கிலோமீட்டர ஒரே மூச்சுல போற ரேஸுக்கு இருக்கற தயாரிப்பு வேற, ட்ரான்ஸ்ஆல்பைன் மாதிரி தினமும் கொஞ்சம் கொஞ்சமா போறதுக்கு வேற. மெதுவா ஓடற, பொறுமையா சாப்பிடற, ஒழுங்கா தூங்கற ஆளுக்கு ரெண்டாவது வகை தான் தோது, நீங்க பேர்லயே மெதுவா வருவேன்னு வச்சிருக்கீங்க.

இப்ப அந்த படிக்கட்டு விஷயம். தூரத்தால வர்ற வலி இல்ல அது, பெரும்பாலும் இறக்கத்தால வர்றது. இறங்கும்போது தொடை தசை நீண்டுகிட்டே பாரத்த தாங்குது, லாரி பிரேக்க மிதிச்சபடியே மலை இறங்கற மாதிரி, அதுல தான் தசை இழை நுணுக்கமா சேதமாகுது. அந்த வலி உடனே தெரியாது, 24ல இருந்து 72 மணி நேரத்துக்குள்ள தான் உச்சத்துக்கு போகும். உங்க ரேஸ்ல கணக்கு போடுங்க, முதல் நாள் இறக்கத்துல குதிச்சு குதிச்சு இறங்கினா அதுக்கான பில்லு ரெண்டாவது நாளும் மூணாவது நாளும் வரும், அதாவது 35லயும் 28லயும். அதனால தான் முதல் நாள் 22 தானேன்னு பறக்கறவங்க பாதி பேர் மூணாவது நாள் நொண்டிகிட்டு வர்றத பாக்கலாம்.

நல்ல செய்தி என்னன்னா இதுக்கு தசைய பழக்க முடியும். ஒரு தடவை நல்லா இறங்கி வலி வாங்கிட்டா, அடுத்த சில வாரத்துக்கு அதே அளவு இறக்கம் அவ்வளவு வலிக்காது, உடம்பு அந்த பாடத்த ஞாபகம் வச்சுக்கும். அதனால ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவையாவது இறக்கத்துக்குன்னே ஒரு ஓட்டம் வைங்க. மலை கிட்ட இல்லன்னா உயரமான கட்டிடத்தோட படிக்கட்டு போதும், ஏறறதுக்கு இல்ல இறங்கறதுக்கு (லிஃப்ட்ல மேல போயிட்டு படில இறங்கினா வாட்ச்மேன் ஒரு மாதிரி பாப்பாரு, கண்டுக்காதீங்க). அடிய சின்னதா வைங்க, காலடிய பாக்காம மூணு நாலு மீட்டர் முன்னாடி பாருங்க, குதிகால ஊனி பிரேக் போடாதீங்க. கடைசி கடுமையான இறக்க பயிற்சி ரேஸுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே முடிஞ்சிரணும்.

35 ஒரேயடியா ஓட வேண்டாம். சனிக்கிழமை 20, ஞாயிறு 16ன்னு அடுத்தடுத்த நாள் போங்க. ஞாயித்துக்கிழமை ஓட்டம் தான் முக்கியமானது, சனிக்கிழமை ஓட்டம் ஞாயிறுக்காக கால களைப்பாக்கி வைக்கறதுக்கு மட்டும். மெல்ல மெல்ல ஏத்தி ரேஸுக்கு நாலஞ்சு வாரம் முன்னாடி வெள்ளி 12, சனி 26, ஞாயிறு 18ன்னு ஒரு மூணு நாள் செட் ஒரு தடவை போட்டு பாத்தீங்கன்னா போதும், அதுக்கப்புறம் குறைச்சுட்டே வாங்க. ஒவ்வொரு மூணு வாரத்துக்கு அப்புறமும் ஒரு வாரம் பாதியா குறைக்கறத விட்றாதீங்க, புதுசா வர்றவங்களுக்கு தசைய விட எலும்பும் தசைநாரும் பழக லேட்டாகும்.

கட் ஆஃப் கணக்கு: நைஸ்மித்ன்னு ஒரு ஸ்காட்லாந்து மலையேறி 1892ல சொன்ன பழைய கணக்கு ஒண்ணு இருக்கு, 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அது போக 600 மீட்டர் ஏத்தத்துக்கு இன்னொரு மணி நேரம். உங்க 35க்கு 7 மணி, 1800க்கு 3 மணி, மொத்தம் 10. இது நடக்கறவங்க கணக்கு, அதுவும் ஓய்வெடுக்காம களைப்பில்லாம நடக்கறவங்களுக்கு. நீங்க சமதளத்துலயும் லேசான இறக்கத்துலயும் ஓடுவீங்க, அதுல மிச்சம் புடிக்கறத வழில தண்ணி, சாப்பாடு குடுக்கற எய்ட் ஸ்டேஷன்ல செலவு பண்ணுவீங்க. ஆக 11 மணி நேரம் போதும், ஆனா எய்ட் ஸ்டேஷன்ல சேர் போட்டு உக்காந்து கதை பேசற அளவுக்கு இல்ல.

ஏத்தம் எல்லாம் நடங்க. செங்குத்தான இடத்துல மெதுவா ஓடறத விட வேகமா நடக்கறதுக்கு கம்மியா தான் சக்தி செலவாகும், முன்னணில வர்றவங்களே நடப்பாங்க. அதனால வேகமா மேட்டுல நடக்கறதையும் ஒரு பயிற்சியா வைங்க, நிறைய பேர் ஓட மட்டும் பழகிட்டு போய் அங்க மணிக்கணக்கா தெரியாத ஒரு வேலைய செஞ்சுட்டு இருப்பாங்க.

---

செருப்புக்கடி

மேல உள்ளவர் எல்லாம் சொல்லிட்டாரு, நான் பாதத்த மட்டும் பாத்துக்கறேன் ப்ரோ. ஸ்டேஜ் ரேஸ்ல ஆளுங்க வெளிய போறது தொடையால இல்ல, பாதி நேரம் ஒரு ரூபா காசு அளவு கொப்புளத்தால தான்.

ஷூ அரை சைஸ் பெருசா எடுங்க, ரெண்டாவது நாளுக்கு மேல பாதம் வீங்கும். பெருவிரலுக்கு முன்னாடி கட்டைவிரல் அகலம் இடம் இருக்கணும், இறக்கத்துல விரல் முன்னாடி முட்டினா நகம் கருப்பாகும். ரொம்ப பெருசானா பாதம் உள்ள வழுக்கி அதுவே கொப்புளம், அதனால இறங்கறதுக்கு முன்னாடி நின்னு மேல் ஓட்டைல ஹீல் லாக் (குதிகால் நகராம புடிக்கற லேஸ் கட்டு) போட்டு இறுக்கி கட்டுங்க, அரை நிமிஷ வேலை. புது ஷூவ ரேஸுக்கு போட்டுட்டு போகாதீங்க, அதே நேரம் அடி தேஞ்சதும் வேண்டாம், 80-100 கிலோமீட்டர் ஓடினது சரியா இருக்கும். ரெண்டு ஜோடி இருந்தா மாத்தி மாத்தி போடுங்க, ஏன்னா நனைஞ்ச ஷூ ஒரு ராத்திரில காயாது. ஒரு ஜோடி தான்னா இன்சோல கழட்டி தனியா வச்சு உள்ள பழைய பேப்பர திணிங்க, ஒரு மணி நேரம் கழிச்சு அந்த பேப்பர எடுத்துட்டு காஞ்ச பேப்பர் வைங்க, காலைல போட முடியற நிலைமைக்கு வந்துரும்.

டேப் விஷயத்துல ஒண்ணு. 2016ல ஸ்டான்ஃபோர்ட் டாக்டருங்க ஆறு ஸ்டேஜ் 250 கிலோமீட்டர் ரேஸ்ல ஓடினவங்கள வச்சு சோதிச்சாங்க, மருந்துக்கடைல கிடைக்கற சாதாரண பேப்பர் டேப்ப கொப்புளம் வர்ற இடத்துல முன்கூட்டியே ஒட்டினா கொப்புளம் 40 சதவீதம் குறையுதுன்னு வந்துச்சு. விலை கூடின டேப்பெல்லாம் தேவையே இல்ல. காலைல பாதம் காஞ்சு இருக்கும்போது ஒரே அடுக்கா சுருக்கம் இல்லாம ஒட்டுங்க, சுருக்கம் இருந்தா அதுவே கடிக்கும். உங்களுக்கு எங்க கடிக்கும்னு இந்த அஞ்சு மாசத்துல தெரிஞ்சிரும்.

ஓடும்போது ஒரு இடம் சுடற மாதிரி இருந்தா அடுத்த எய்ட் ஸ்டேஷன்ல பாத்துக்கலாம்னு போகாதீங்க, அங்கயே உக்காந்து சாக்ஸ கழட்டி மண்ணு தட்டி டேப் போடுங்க. நாலு நிமிஷம் போகும், போகட்டும். வந்துருச்சுன்னா மேல் தோல கிழிக்காதீங்க, சுத்தம் பண்ணின ஊசியால ஓரத்துல குத்தி தண்ணிய வெளிய விட்டு, தோல அப்படியே மூடி வச்சு மேல டேப். நகத்த ரேஸ் காலைல வெட்டாதீங்க, நாலஞ்சு நாள் முன்னாடியே நேரா வெட்டி ஓரத்த ராவி விடுங்க. மண்ணு பாதைன்னா ஷூ வாய மூடற கெய்ட்டர் வாங்கிக்கங்க, ஒரு சின்ன கல்லு 30 கிலோமீட்டர் உள்ள இருந்தா என்ன ஆகும்னு யோசிச்சு பாருங்க.

---

மெதுவாவருவேன்

ரொம்ப நன்றி, இவ்வளவு விவரமா வரும்னு நெனைக்கல. செருப்புக்கடி, ப்ரோ இல்லீங்க, அக்கான்னு கூப்பிடலாம், நாப்பத தாண்டியாச்சு :) பேப்பர் டேப் நாளைக்கே வாங்கறேன். லிஃப்ட் ஐடியா சூப்பர், எங்க ஆஃபீஸ்ல எட்டு மாடி.

இன்னும் மூணு கேள்வி. தண்ணியும் உப்பும் எவ்வளவு? ஃப்ரெண்டு மணிக்கு ஒரு லிட்டர் கட்டாயம் குடின்னு சொல்றா. ரெண்டாவது, அவ தினமும் காலைல ஒரு பெயின் கில்லர் போட்டுட்டு கிளம்பினா வலியே தெரியாதுங்கறா, சரியா? மூணாவது, மேண்டேட்டரி லிஸ்ட்ல ரெயின் ஜாக்கெட், ஸ்பேஸ் பிளாங்கெட் (உடம்பு சூட்ட காக்கற மெல்லிசான பளபள ஷீட்), விசில், ஹெட்லேம்ப் எல்லாம் இருக்கு, பகல்ல ஓடற ரேஸுக்கு எதுக்கு இவ்வளவு சுமை?

---

மருந்துச்சீட்டு

ரேஸ் மெடிக்கல் டென்ட்ல வேலை பாக்கறவன், அதனால ரெண்டாவது கேள்விக்கு முதல்ல வர்றேன். வேண்டாம் அக்கா. இபுப்ரோஃபன், டைக்ளோஃபினாக் மாதிரி மாத்திரை கிட்னிக்கு போற ரத்தத்த குறைக்கும். வெயில்ல மணிக்கணக்கா ஓடி உடம்புல தண்ணி குறைஞ்சு, சேதமான தசைல இருந்து வர்ற கழிவையும் கிட்னி வடிகட்டிட்டு இருக்கற நேரம் அது. 2017ல வந்த ஒரு ஆய்வுல, பல நாள் ரேஸோட 80 கிலோமீட்டர் ஸ்டேஜ்ல இபுப்ரோஃபன் எடுத்தவங்கள்ல 52 சதவீதம் பேருக்கும் மருந்தே இல்லாத டம்மி மாத்திரை எடுத்தவங்கள்ல 34 சதவீதம் பேருக்கும் கிட்னி பாதிப்பு அறிகுறி இருந்துச்சு. மருந்து எடுக்காதவங்களுக்கே மூணுல ஒருத்தருக்கு இருக்குன்னா அதுக்கு மேல நாம ஏன் ஏத்தணும். அதோட, வலி ஒரு தகவல், அத அமுக்கிட்டு 35 போனா எங்க நிறுத்தணும்னே தெரியாது. சிறுநீர் கோலா கலர்ல போச்சுன்னா, இல்ல மணிக்கணக்கா வரவே இல்லன்னா, மறுநாள் ஸ்டார்ட்ட மறந்துட்டு நேரா டாக்டர்கிட்ட.

தண்ணி: மணிக்கு ஒரு லிட்டர்னு கட்டாயமா ஊத்தறது ஆபத்து, அதுவும் மெதுவா போறவங்களுக்கு தான் ஆபத்து ஜாஸ்தி, ஏன்னா வேர்வை கம்மி, குடிக்க நேரம் அதிகம். ரத்தத்துல சோடியம் நீர்த்து போயிடும். 2002 பாஸ்டன் மாரத்தான்ல ரத்தம் எடுத்து பாத்தவங்கள்ல 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைஞ்சிருந்துச்சு, அதுல ஓடி முடிக்கும்போது எடை கூடி வந்தவங்களும் நாலு மணி நேரத்துக்கு மேல ஓடினவங்களும் தான் அதிகம். தாகத்துக்கு குடிங்க, அவ்வளவு தான். தலைவலி, வாந்தி, மோதிரம் இறுகறது, குழப்பமா பேசறது வந்தா இன்னும் தண்ணி குடுக்காதீங்க, ஆள கூப்பிடுங்க. உப்பு சாப்பாட்டுல எடுங்க, ஆனா உப்பு மாத்திரை போட்டாச்சேன்னு லிட்டர் கணக்குல குடிச்சா அந்த மாத்திரை காப்பாத்தாது.

இன்னொண்ணு, யாரும் சொல்ல வெக்கப்படறது. பிரா அடிப்பட்டை, தொடை இடுக்கு, அக்குள், பேக் உரசற தோள்பட்டை, இங்கெல்லாம் காலைல வாஸ்லின் தாராளமா தடவுங்க. நாலு நாள் ரேஸ்ல முதல் நாள் உரசல் ரெண்டாவது நாள் புண்ணு. எங்க டென்ட்டுக்கு முழங்காலுக்காக வர்றவங்கள விட இதுக்காக வர்றவங்க தான் ஜாஸ்தி.

---

கடைசிபெஞ்ச்

நான் ரேஸ்ல ஸ்வீப்பர் வேலை நிறைய பாத்திருக்கேன், அதாவது கடைசி ஆளுக்கு பின்னாடி, வழி காட்டற கொடிய கழட்டிட்டே வர்றவன், அதனால கியர் கேள்விக்கு நான் பதில் சொல்றேன்.

2021 மே மாசம் சீனாவுல கான்சு மாகாணத்துல ஒரு 100 கிலோமீட்டர் ட்ரெயில் ரேஸ். காலைல கிளம்பும்போது நிறைய பேர் அரைக்கால் டவுசர் டீ ஷர்ட்ல தான் இருந்தாங்க, விண்ட் ஜாக்கெட் கட்டாய லிஸ்ட்ல இல்ல. மத்தியானம் மலை மேல ஆலங்கட்டி மழையும் பேய்க்காத்தும் அடிச்சு 21 பேர் செத்து போனாங்க. பகல் ரேஸ் தான். அதுல அனுபவசாலிகளும் இருந்தாங்க. அந்த ஸ்பேஸ் பிளாங்கெட் மொபைல விட லேசு, சுமைன்னு சொல்லாதீங்க. உங்களுக்கு 11 மணி நேர கட் ஆஃப்னா காலைல ஆறு மணிக்கு கிளம்பி சாயங்காலம் அஞ்சு ஆகும், வழி தவறினா இருட்டிரும், ஹெட்லேம்ப் அதுக்கு தான், பேட்டரி நெறஞ்சிருக்கான்னு முந்தின ராத்திரியே பாத்துருங்க. விசில் ஊதறதுக்கும் முறை இருக்கு: ஒரு நிமிஷத்துல ஆறு தடவை, அப்புறம் ஒரு நிமிஷம் நிறுத்தி திரும்ப ஆறு. கடைசியா பாத்த கொடில இருந்து கொஞ்ச தூரம் வரைக்கும் அடுத்தது தெரியலன்னா முன்னாடி போய் தேடாதீங்க, திரும்பி கடைசி கொடிக்கே வாங்க, நாங்க அந்த வழியா தான் வருவோம்.

கேம்ப். ஃபினிஷ் ஆனதும் எல்லாரும் புல்லுல படுத்து போட்டோ போடுவாங்க, நீங்க படுக்காதீங்க. பத்து நிமிஷம் மெதுவா நடங்க, நின்ன நிலைமைலயே எதையாவது சாப்பிட ஆரம்பிச்சிருங்க. முதல் நாலு மணி நேரம் தசை சர்க்கரைய நல்லா இழுத்து சேமிக்கும், உடம்பு எடைல கிலோவுக்கு ஒரு கிராம் மாவுச்சத்துன்னு மணிக்கு மணி கொஞ்சம் கொஞ்சமா போட்டுட்டே இருங்க, கூட கொஞ்சம் புரதம். அப்புறம் ஈர டிரஸ்ஸ மாத்துங்க, பாதத்த கழுவி காய வைங்க, திறந்த செருப்பு போட்டு திரிங்க. கால தூக்கி வச்சு படுங்க. அதுக்கப்புறம் தான் மொபைல். மறுநாள் டிரஸ், ஜெல், டேப் எல்லாம் வெளிச்சம் இருக்கும்போதே ஒரு ஜிப் லாக் கவர்ல போட்டு தலைமாட்டுல வைங்க. நாலு கவர், நாள் நம்பர் எழுதி வீட்டுலயே பேக் பண்ணிட்டு வர்றவங்களும் இருக்காங்க, அவங்க காலைல டாய்லெட் கியூல முதல்ல நிக்கறவங்க, அது சின்ன விஷயம் இல்ல.

ஓடும்போதும் சாப்பாடு தள்ளி போடாதீங்க, மணிக்கு 30ல இருந்து 60 கிராம் மாவுச்சத்து, பசி வர்றதுக்கு முன்னாடி. எந்த ஜெல் வயித்துக்கு ஆகும்னு வீட்டுலயே அந்த ஞாயித்துக்கிழமை ஓட்டத்துல பாத்துக்கங்க. மூணாவது நாள் இனிப்ப பாத்தாலே குமட்டும், உப்பு, காரம்னு மாத்தி எதையாவது வச்சிருங்க.

---

நேர்கோடு

சரி, படிச்சேன். 50 விஷயத்துல நான் கொஞ்சம் இறங்கி வர்றேன், ஆனா அந்த மூணு நாள் செட்ட ஒரு செக் பாயின்ட்டா வைங்க. மூணாவது நாள் முழங்காலோ குதிகாலோ ஒரே இடத்துல குத்தற மாதிரி வலிச்சா, ரேஸ்ல ஷார்ட் கோர்ஸ் இருக்கான்னு கேட்டு மாத்திக்கங்க. பொதுவான தசை வலி வேற, விரல் வச்சு இங்கதான்னு காட்டக்கூடிய வலி வேற.

---

மெதுவாவருவேன்

நேர்கோடு, இது நியாயம், அப்படியே செய்யறேன். பெயின் கில்லர் பகுதிய ஃப்ரெண்டுக்கு ஃபார்வர்ட் பண்ணியாச்சு, ரிப்ளை இன்னும் வரல. கடைசியா ஒண்ணு, போல்ஸ் (ரெண்டு கைலயும் ஊனிக்கற கம்பு) வேணுமா? அப்புறம் அவ என்ன விட நல்லா வேகம், சேந்தே ஓடலாம்கறா.

---

ஏத்தம்இறக்கம்

போல்ஸ் எடுங்க, ரேஸ் ரூல்ல அனுமதி இருக்கான்னு பாத்துட்டு. ஏத்தத்துல கொஞ்சம் பாரத்த கைக்கு மாத்தும், மூணாவது நாள் இறக்கத்துல அது தான் கூட்டாளி. ஆனா ரேஸுக்கு முந்தின வாரம் வாங்கினா தோள்பட்டையும் மேல்கையும் வலிக்கும், இப்பவே வாங்கி பழகுங்க, மடிச்சு பேக்ல சொருகறத ஓடிக்கிட்டே செய்ய வரணும்.

---

கடைசிபெஞ்ச்

சேந்து ஓடாதீங்க அக்கா. ஜோடியா தான் ஓடணும்னு ரூல் இருக்கற ரேஸ்னா வேற, உங்களோடது தனியாள் ரேஸ். அவங்க வேகத்துக்கு முதல் நாள் நீங்க போனா ரெண்டாவது நாள் நீங்க காலி, உங்க வேகத்துக்கு அவங்க வந்தா நின்னு நின்னு அவங்களுக்கு குளிரும், ரெண்டு பேருக்கும் சண்டை வரும், இத நான் பின்னாடி நடந்து வந்துட்டே காதால கேட்டிருக்கேன். ஸ்டார்ட்ல சேந்து நில்லுங்க, முதல் ஏத்தத்துல போயிட்டு வான்னு அனுப்பிருங்க. சீக்கிரம் போறவங்களுக்கு கேம்ப்ல ஒரு வேலை இருக்கு, டென்ட்ல உள்பக்கமா உங்களுக்கு ஒரு இடம் புடிச்சு வைக்க சொல்லுங்க. வாசல் ஓரம் கெடச்சா ராத்திரி பூரா டாய்லெட்டுக்கு போறவங்க உங்க கால மிதிச்சுட்டே போவாங்க, ஜிப் சத்தம் வேற. காதுல வைக்கற பஞ்சு லிஸ்ட்ல இருக்காது, நீங்களே சேத்துக்கங்க.